மருதுக்குப் போய்ச் சேர்வது

செங்கானூர் ஆற்றங்கரை மருத மரத்துக்கு வலித்தால் ஆவுடைச்செல்விக்கும் வலிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது சும்மா இருக்குமா? பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சரான அவளை முதுகுக்குப் பின்னால் ‘மரத்துக்காரி’ என்றது. அவள் கணவன் பாலவேசத்தை நேருக்கு நேராகவே சீண்டியது. “என்னய்யா, மூத்த மாப்பிள்ளை ஆத்தங்கரைல வெயில்ல நிக்காரு, இளைய மாப்பிள்ளை இங்க நிழல்ல டீ குடிக்கீரு?” பாலவேசம் சிரித்துவைப்பான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன் அவன். பொறுமை இல்லாதவன் அந்தத் தொழிலில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

நடந்தது இதுதான். தாமிரபரணிமேல் புதுப் பாலம் கட்ட வேண்டும் என்றார்கள். பாலத்திலிருந்து இறங்கும் சாலை போகவேண்டிய இடத்தில், நாலு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத அந்த வெள்ளைப் பட்டை மருது நின்றது. ஆட்கள் வாளோடு வந்தார்கள். ஊரில் கொஞ்சம் பேர் குறுக்கே படுத்தார்கள், முதல் ஆளாக ஆவுடைச்செல்வி. ஆனால் படுத்துக் கிடப்பவர்களைத் தூக்கி வேனில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதுதான் கெசியா ஒரு யோசனையோடு வந்தாள். பள்ளியில் ஆவுடைச்செல்வியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், இப்போது டாக்டர் கெசியா.

கெசியா நரம்பு மருத்துவர். கை கால் விழுந்தவர்களுக்காக அவள் ஓர் இழையை வளர்த்திருந்தாள். பாதி காளான், பாதி நரம்பு. ஓர் உயிர் உணர்வதை இன்னோர் உயிருக்குக் கொண்டுபோகும். மனிதருக்கும் மரத்துக்கும் நடுவில் போட்டுப் பார்த்தாள், பிடித்துக்கொண்டது. மரத்தில் ஒரு முனை, மனிதரின் முதுகுத்தண்டில் ஒரு முனை, நடுவில் கம்பியில்லாமல் சமாச்சாரத்தைக் கடத்த ஒரு சின்னப் பெட்டி. இப்படி இணைந்த மரம் அந்த மனிதரின் உறுப்புக்குச் சமம், அதை வெட்டுவது கையை வெட்டுவதற்கு ஒப்பு என்று முதலில் ஒரு தீர்ப்பு வந்தது, பிறகு அது சட்டமாகவே ஆயிற்று. மேற்கே மலையடிவாரங்களில் பல பேர் அதற்குள் ஆளுக்கொரு மரத்தோடு இணைந்திருந்தார்கள்.

“இது ஒண்ணும் புதுசு இல்ல ஏட்டி,” என்றாள் கெசியா, ஆஸ்பத்திரி கேன்டீனில் உளுந்து வடையைப் பிய்த்துக்கொண்டே. “அந்தக் காலத்துலயே கிரேக்கக்காரன் சொல்லி வச்சிருக்கான். மரத்துக்குள்ள பொண்ணுங்க இருப்பாளுவ, வனதேவதைக. அதுல ஹமாட்ரையட்னு ஒரு வகை. அவ மரத்தோடயே பொறப்பா, மரத்தோடயே இருப்பா.”

“நம்ம இசக்கியம்மன் மாதிரியா?”

“இசக்கிக்கு இந்த மரம் இல்லன்னா அந்த மரம். இவளுக்கு அப்படி இல்ல. கோடாலி மரத்துல விழுந்தா வலி இவளுக்கு. மரம் சாஞ்சா இவளும் போயிருவா. ஒருத்தன் ஓக் மரத்த வெட்ட வாரான். அவ வெளிய வந்து கெஞ்சுதா, என் ஆயுசு இந்த மரத்துலதான்யா இருக்கு, விட்டிருன்னு. அவன் கேக்கல.”

“பொறவு?”

“வெட்டிட்டான். அவன் வம்சம் தலையெடுக்கவே இல்ல.”

ஆவுடைச்செல்வி தன் டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்போ மருது போனா நானும் போயிருவேனா?”

“ஏட்டி, அது கதை. உனக்குக் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். சட்டம் இருக்கும்போது எவன் வெட்டப் போறான்?”

கெசியா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சின்ன வயதிலிருந்து அவள் சொல்லி ஆவுடைச்செல்வி எதையும் நம்பாமல் இருந்ததில்லை.

இணைந்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவளால் சரியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. மத்தியான வெயிலில் இடது இடுப்பிலிருந்து ஓர் இழுப்பு மேலே ஏறும். மரம் தண்ணீர் குடிக்கிறது. மழை வந்தால் நாக்குக்கு அடியில் சில்லென்று இருக்கும். பூக்கும் மாதத்தில் காரணமே இல்லாமல் எல்லார்மேலும் பிரியம் வரும், மைதானத்துக்குத் தாமதமாக வரும் பிள்ளைகள்மேல்கூட. ஒருநாள் எவரோ டியூஷன் விளம்பரத் தகட்டை மரத்தில் ஆணி வைத்து அடித்தார். பள்ளியில் கோ-கோ நடத்திக்கொண்டிருந்தவள் விலாவைப் பிடித்துக்கொண்டு அலறி உட்கார்ந்துவிட்டாள். விலாசம் தகட்டிலேயே இருந்ததால் சிரமம் இல்லாமல் போனது. நேராகப் போய் அந்த டியூஷன் வாத்தியாரின் சட்டையைப் பிடித்தாள். அதற்குப்பின் அந்தப் பக்கம் யாரும் ஆணியோடு போகவில்லை.

பாலவேசம் இதற்கெல்லாம் முகம் சுளித்ததே இல்லை. மழை பெய்தால், “என்ன, அவரு குளிக்காரா?” என்று கேட்பான். “குளிக்காரு,” என்பாள் இவள். இருவரும் சிரிப்பார்கள். வேறு ஆணாக இருந்தால் வீட்டில் தினமும் ஒரு சண்டை நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவன்மேல் அவளுக்கு இருந்த பிரியம் கூடியது.

சென்ற பங்குனியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. முதுகில் இழை இருப்பதால் கெசியாவே கூட நின்றாள். மயக்கம் தெளிந்தபோது உடம்பில் மரம் தெரியவில்லை. “மயக்க மருந்து ஏட்டி. நரம்பு தூங்குது, மெதுவா முழிக்கும்,” என்றாள் கெசியா. இவளும் காத்திருந்தாள். சில மத்தியானங்களில் லேசாக இழுப்பதுபோல இருந்தது. இழுத்ததா, இழுக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளா என்பதை அவள் தோண்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு காலையில் கடைசிச் சோதனை வந்தது. சட்டப்படி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று நீதிமன்றத்தின் ஆணையர் நேரில் பார்க்க வேண்டும். தேறினால் பாலம் அரை மைல் கீழே தள்ளிப் போகும், மருதுக்கு இனி எந்தக் காலத்திலும் ஆபத்து இல்லை. தோற்றால் அன்றைக்கே வெட்டலாம். தேறுவாளோ தோற்பாளோ, ஒப்பந்தக்காரர் கிரேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

மருதுக்கும் ஒரு நாற்காலிக்கும் நடுவே பந்தல் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மரத்துக்கு முதுகைக் காட்டி ஆவுடைச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆணையர் ரஹ்மத்துல்லா, வழுக்கைத் தலையில் கைக்குட்டையைப் போட்டிருந்த பெரியவர், அவள் எதிரில் நின்றார்.

“பயப்படாதீங்கம்மா. திரைக்கு அந்தப் பக்கம் எங்க ஆளு குத்தூசியால மரத்தக் குத்துவாரு. எப்போ குத்துவாருன்னு எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சதும் கையத் தூக்குங்க.”

திரையின் ஓரத்தில் கெசியா ஒரு கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரம் படும் பாட்டை அதன் திரையில் ஒரு பச்சைக் கோடு காட்டும். குத்தியது எப்போது, கை உயர்ந்தது எப்போது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அது. பாலவேசம் சற்றுத் தள்ளிக் கூட்டத்தோடு நின்றான்.

ஆவுடைச்செல்வி கண்ணை மூடினாள். விலாவைக் கேட்டாள். இடுப்பைக் கேட்டாள். நாக்கின் அடியைக் கேட்டாள். வியர்வை கழுத்தில் இறங்குவது தெரிந்தது, ஆற்றில் யாரோ துணி அடிப்பது கேட்டது. வேறு ஒன்றுமே இல்லை. ஆணையர் ஒருமுறை இருமினார். கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். இப்போதாக இருக்குமோ என்று கையைத் தூக்கினாள்.

ஆணையர் கெசியாவின் கருவியைப் பார்த்தார். மறுபடியும் முயன்று பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒருமுறை. மூன்றாவது தடவை அவள் கையைத் தூக்கவே இல்லை. அப்போது திரைக்குப் பின்னால் ஊசி விடாமல் குத்திக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

“மன்னிச்சிருங்கம்மா,” என்றார் ஆணையர், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “இணைப்பு இல்ல.”

ஆவுடைச்செல்வி கெசியாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள், கருவி கெட்டுவிட்டது என்பாள், இன்னொரு நாள் கேட்பாள். கெசியா இவளைப் பார்க்கவே இல்லை. அவள் கண் கூட்டத்தில் பாலவேசத்தைத் தேடியது. பாலவேசம் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது.

கரையில் பாலம் கட்டுகிறவர்கள் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள் மூவரும் போனார்கள். இவள் இழுத்துக்கொண்டு போனாள் என்பதுதான் சரி. கருவியை நெஞ்சோடு அணைத்தபடி கெசியாவும் வந்தாள்.

“ரெண்டு பேரும் சேந்து என்ன பண்ணுனிய?”

பாலவேசம்தான் முதலில் வாயைத் திறந்தான். “மேக்க மலையில ஒருத்தரோட பலா மரத்துல இடி விழுந்துட்டாம். அவரு வீட்டுக்குள்ள கட்டில்ல படுத்திருந்தவரு. படுத்தவாக்குல போயிட்டாராம். உனக்கு ஆபரேஷன் அன்னைக்கு வாசல்ல வச்சி கெசியா சொன்னா. இழைய எடுத்திரவான்னு கேட்டா. நான் தலையாட்டுனேன்.”

“என்னோட முதுகு. உங்க தலை ஆடுச்சாக்கும்.”

“ஆபரேஷன்னா வீட்டுக்காரனத்தான கேப்பாங்க. நீ மயக்கத்துல கெடந்த.”

“அதுக்கு முன்னாடி நாள் மயக்கத்துலயா கெடந்தேன்? பொறவு இத்தன மாசம்?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப.”

“அதனாலதான் கேக்கல, அப்படித்தான?”

அவளுக்கு ஆடிச் சாரல் நினைவுக்கு வந்தது. சன்னலோரம் நின்று, வழக்கம்போல “அவரு குளிக்காரா?” என்று கேட்டானே. நாக்குக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, இவளும் “குளிக்காரு” என்றாளே. எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான். எல்லாம் தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறான்.

“உங்க வண்டியில உங்க காலுக்குக் கீழ தனியா ஒரு பிரேக் வச்சிருக்கியல்லா,” என்றாள். “படிக்க வாரவன் தாந்தான் ஓட்டுதோம்னு நெனச்சிக்கிட்டு இருப்பான். என்னையும் அப்படித்தான் ஓட விட்டிருக்கிய.”

“செல்வி, எனக்கு நீ வேணும். மரம் எனக்கு முக்கியம் இல்ல.”

“எனக்கு முக்கியம்.”

அவள் கெசியாவின் பக்கம் திரும்பினாள். “நீ கேன்டீன்ல வச்சி என்ன சொன்ன? கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்னு.”

“அப்போ எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

“தெரிஞ்ச பொறவு? மத்தவங்கள்ட்ட சொன்னியா?”

கெசியா தரையைப் பார்த்தாள். “சொன்னா எல்லாரும் பயந்து எடுத்திருவாங்க. அத்தன மரமும் போயிரும். இத்தன வருசம் பட்ட பாடு...”

“அப்போ அவங்க செத்தாச் சாகட்டும். உன் சிநேகிதிய மட்டும் காப்பாத்தணும். அதுவும் சிநேகிதிக்கே தெரியாம.” ஆவுடைச்செல்வியின் குரல் விளையாட்டு மைதானத்துக்குப் பழகிய குரல், தகரம் அதிர்ந்தது. “உன் கிரேக்கக் கதையில வெட்டுனவன் யாரோ ஒரு வழிப்போக்கன். அவகிட்ட மூஞ்சிக்கு நேராத் தகராறு பண்ணிட்டு வெட்டுனான். உங்க ரெண்டு பேரையும்விட அவன் எவ்வளவோ மேலு.”

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். கெசியாவின் கையில் இருந்த கருவியில் பச்சைக் கோடு ஏறி இறங்கித் துள்ளிக்கொண்டிருந்தது.

“இது என்ன?”

“மரம்.”

“சோதனைதான் முடிஞ்சிட்டே. இப்போ யாரு அதக் குத்துதா?”

“யாரும் குத்தல.” கெசியாவின் முகம் வெளுத்திருந்தது. பாலவேசத்துக்கும் இது புதுச் செய்தி என்பது அவன் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. “நான் எடுத்தது பாதிதான் ஏட்டி. மரத்துலருந்து உனக்கு வார இழைய எடுத்தேன். உங்கிட்டருந்து அங்க போற இழை முதுகுத்தண்டுக்குள்ள வேரோடிப் போச்சி. அதத் தொட்டா உனக்குக் கால் ரெண்டும் விழுந்திரும். விட்டுட்டேன்.”

“விட்டுட்டேன்னா?”

“அதுக்கு என்ன ஆனாலும் உனக்குத் தெரியாது. உனக்கு என்ன ஆனாலும் அதுக்குத் தெரியும். பங்குனியிலருந்து அப்படித்தான்.”

ஆவுடைச்செல்வி கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஆணையரிடம் ஓடினாள்.

“சார், ஊசிய எனக்குக் குத்துங்க. மரத்தப் பாருங்க.”

ரஹ்மத்துல்லா நல்ல மனிதர். முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவள் நீட்டிய விரலில் தானே ஊசியால் குத்தினார். பச்சைக் கோடு எம்பியது. இன்னொரு விரலில் குத்தினார். மறுபடி எம்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மருதை அண்ணாந்து பார்த்தார். அதன் இலை ஒன்றுகூட ஆடவில்லை, காற்றே இல்லை.

“உணர்வு இருக்கு,” என்றார். “இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சட்டத்துல மனுஷிக்கு மரம் உறுப்புன்னுதாம்மா எழுதியிருக்கு. மரத்துக்கு மனுஷி உறுப்புன்னு எங்கயும் இல்ல. மரத்த வெட்டுனா உங்களுக்கு வலிக்காதே. யாருக்கு வலிக்குதுன்னு நான் எழுதுவேன்?”

“அதுக்கு வலிக்கும்.”

“அது வந்து கேஸ் போடாதே தாயி.”

அவர் கிரேன் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். கூட்டம் கொதித்தது, கத்தியது, போலீஸ்காரர்கள் கயிற்றைக் கட்டினார்கள். இவ்வளவு நாள் இவளை முன்னால் நிறுத்திக் கோஷம் போட்டவர்கள் இப்போது இழையை இவளே எடுத்துவிட்டாளோ என்று பார்த்தார்கள். போராட்டத்துக்குத் தலைவராக இருந்த தையல்காரர் செல்லையா வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்து, காறித் துப்பிவிட்டுப் போனார். முதல் வாள் உறுமத் தொடங்கியது.

பெரிய மரத்தை ஒரே வெட்டில் சாய்க்க முடியாது. முதலில் உச்சிக் கிளைகளைக் கழிப்பார்கள், பிறகு பெருங்கிளைகள் பிரியும் கவைகள், கடைசியில்தான் அடிமரம். சாயங்காலம்வரை ஆகும். ஆவுடைச்செல்வி படித்துறையில் நின்று அதைப் பார்த்தாள். முதல் கிளை விழுந்தது. விலாவில் ஒன்றும் இல்லை. தன் உடம்பில் ஒரு பொத்தல்கூட விழாமல் அதைப் பார்க்க நேர்ந்தது அவளுக்கு அவமானமாக இருந்தது. பாலவேசத்தின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. கெசியாவின் முடியைப் பிடித்து ஆற்றில் முக்க வேண்டும்போல இருந்தது.

“ஏட்டி, கோவப்படாத,” என்றாள் பின்னாலிருந்து கெசியா.

“நீ பேசாத.”

“எனக்காகச் சொல்லல. இதப் பாரு.” கோடு கிழிந்துவிடும்போல ஆடிக்கொண்டிருந்தது. “அறுக்கிற வலி ஒரு பக்கம். அதுக்கு மேல உன் ஆத்திரத்தையும் அது வாங்குது. ரெண்டையும் சேத்து வாங்குது. வேணும்னா நடுவுல உள்ள பெட்டிய அணைச்சிருதேன். உங்கிட்டருந்து ஒண்ணும் போகாது.”

ஆவுடைச்செல்வி அதை யோசித்தாள். அணைத்துவிட்டால் இவள் கத்தலாம், கதறலாம், யார் கழுத்தையாவது பிடிக்கலாம். மருது அந்தப் பக்கம் தனியாகக் கிடந்து அறுபடும்.

“வேண்டாம்,” என்றாள். “கடைசி நேரத்துல கைய உதறிட்டுப் போக மாட்டேன். நான் அமைதியா இருந்தா?”

“அது அமைதியாகும். உனக்குத் தூக்கம் வந்தா அதுக்கும் வரும். ஆனா நடிச்சா செல்லாது. உன் முகத்த அது பாக்கல, உன் நரம்பத்தான் பாக்குது.”

அவள் படியில் உட்கார்ந்து முயன்றாள். ஆற்றை நினைத்தாள், கோடு அடங்கவில்லை. மாநிலப் போட்டியில் அவள் பிள்ளைகள் கோப்பை வாங்கிய நாளை நினைத்தாள். கொஞ்சம் தணிந்து, அடுத்த கிளை விழுந்த சத்தத்தில் மறுபடி துள்ளியது. செத்துப்போன அம்மாவை நினைத்தாள், அது இன்னும் மோசம். நல்ல நினைப்பு எதைத் தொட்டாலும் அதற்குள் காலையில் நடந்தது வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது பாலவேசம் வந்தான். கையில் இரண்டு டம்ளர் எலுமிச்சை சர்பத். இவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, பயந்துகொண்டே, எத்தனையோ வருஷமாகச் செய்வதுபோல அவள் பிடரியில் உள்ளங்கையை வைத்தான்.

தட்டிவிடத்தான் அவள் கையைத் தூக்கினாள். கெசியா கருவியை அவள் பக்கம் திருப்பினாள். கோடு அடங்கிக்கொண்டிருந்தது.

தன் உடம்பின்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. மனசு அவனைத் தூக்கி எறிந்தாயிற்று. உடம்புக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. அவன் கை பட்டதும் பழைய பழக்கத்தில் தோள் இறங்குகிறது, மூச்சு நீளமாகிறது. இந்த ஊரில், இந்த உலகத்தில், அவளை இப்படி அமைதியாக்கக்கூடியது அந்த ஒரு கைதான். வேறொன்று இருந்திருந்தால் அதை எடுத்திருப்பாள்.

தூக்கிய கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாலவேசத்தின் கண் நிரம்பியது. “செல்வி... என்ன மன்னிச்சிட்டியா?”

“நான் மொதமொத கார் ஓட்டுனதச் சொல்லுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

அவன் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவனிடம் படிக்க வந்த மாணவி. முதல் நாளே கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்துக்குள் வண்டியை விட்டுவிட்டாள். ஊர்ச் செருப்பெல்லாம் பானட்டில். “உம்ம காலுக்குக் கீழ பிரேக் இருக்குல்லா, ஏன்யா போடலன்னு கேட்ட பாரு, அத்தன பேரு முன்னாடி. நான் என்னன்னு சொல்ல? உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன், மறந்துட்டேன்னா சொல்ல முடியும்? தர்மகர்த்தா ஒத்தச் செருப்ப வச்சிக்கிட்டு இன்னொண்ணத் தேடுதாரு, அது வைப்பர்ல மாட்டிக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுது...”

அவள் சிரித்துவிட்டாள். வைப்பரில் ஆடிய செருப்பு கண் முன்னால் வந்துவிட்டது, சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னால் கவைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மரத்தூள் காற்றில் வந்து சர்பத்தில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். கெசியாவின் முகத்தை மட்டும் அவ்வப்போது பார்த்தாள். கெசியா தலையை மெல்ல ஆட்டுவாள்.

“இன்னும் சொல்லுங்க.”

அவன் பெண் பார்க்க வந்ததைச் சொன்னான். குற்றாலத்தில் அவள் தாலி அருவியோடு போகப் பார்த்ததைச் சொன்னான். அவன் தோளில் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணை மூடி, அவன் சட்டையின் வியர்வை வாடையை இழுத்து, தான் அவனை எவ்வளவு நம்பினாள் என்பதை ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்த்தாள். நம்பியிருந்த நாட்களில் எவ்வளவு நிம்மதியாக இருந்தாளோ அந்த நிம்மதி முழுவதையும் திரட்டினாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் இதைப் பார்த்தார்கள். செல்லையா கயிற்றைத் தாண்டி வந்து படித்துறையின் மேலே நின்றார். “அங்க அது சாகக் கெடக்கு. இங்க புருஷன் மடியில சிரிப்பு வேண்டிக் கெடக்கு. எவ்வளவுக்கு விலைபோன நீ? நம்ப வச்சிக் கழுத்தறுத்துட்டியே, பாவி!”

பாலவேசம் எழப் போனான். அவள் அவனை இழுத்து உட்காரவைத்தாள். செல்லையாவுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் ஆத்திரம் வரும், வந்தால் அது போய்ச் சேர்ந்துவிடும். “அருவியில பொறவு என்ன ஆச்சி, சொல்லுங்க,” என்றாள்.

வெயில் சாயும்போது அடிமரத்தில் வாள் இறங்கியது. சத்தம் வேறாக இருந்தது, கனமாக, நின்று நின்று. அவள் பாலவேசத்தின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நெடுநேரத்துக்குப் பின் தரை ஒருமுறை தூக்கிப்போட்டது. ஆற்றில் நீர்க்காகங்கள் எழும்பிப் போயின. வாள் நின்றுவிட்டது.

“முடிஞ்சிட்டு,” என்றாள் கெசியா.

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“கோடு படுத்துட்டு. கடைசி வரைக்கும் அது அமைதியாத்தான் இருந்துது ஏட்டி.”

“இனி என்கிட்டருந்து ஒண்ணும் அங்க போகாதே?”

“போறதுக்கு அங்க யாரும் இல்ல.”

ஆவுடைச்செல்வி கணவனின் கைக்குள்ளிருந்து தன் கையை எடுத்தாள். எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினாள்.

“நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போயிருங்க,” என்றாள். “துணிமணியெல்லாம் நாளைக்குக் குடுத்துவிடுதேன்.”

பாலவேசம் சிரித்தான், அவள் விளையாடுகிறாள் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. “என்ன செல்வி இது? இப்பத்தான என் கையப் பிடிச்சிக்கிட்டு இருந்த? இப்பத்தான சிரிச்ச?”

“சிரிச்சது நெசந்தான். பொய்யா இருந்தா அதுக்குப் போயிருக்காது. ஆனா அது உங்களுக்கு இல்ல.” கெசியாவையும் பார்த்தாள். “நீயும் போ. மேக்க மலையில ஒவ்வொருத்தரா நேர்ல பாத்து, அந்தப் பலா மரத்துக்காரர் எப்படிச் செத்தாருன்னு சொல்லு. நீ சொல்லலன்னா நான் போயிச் சொல்லுவேன்.”

இருவரும் போகும்வரை நின்றாள். பாலவேசம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் வெட்டுப்பட்ட அடிமரத்துக்குப் போய், சிவந்து ஈரமாக இருந்த அதன் வட்டத்தில் கையை வைத்து, காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததையெல்லாம் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை யாரையும் போய்ச் சேரவில்லை.